ஒரு பிடி அரிசி

நம் பாட்டிமார் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். அது ஏழையின் பங்கு. உண்டு மிஞ்சியதைக் கொடுப்பது எளிது. உண்ணுமுன்னே எடுத்து வைப்பதுதான் பகிர்வு.

நம் சிறு வகுப்புத் தங்கையருக்கும் இதைப் பழக்குவோம். வகுப்பில் ஒரு பானை வைப்போம். அரிசியைக் கையில் ஏந்தும்போதே நாற்று நட்டவரையும், கதிர் அறுத்தவரையும், சோறு சமைக்கும் அன்னையையும், அனைத்தையும் அளிக்கும் இறைவனையும் அவர்கள் நன்றியோடு நினைக்கட்டும்.

ஒரு பிடி 50 கிராம் என்றால், 40 பேர் உள்ள வகுப்பில் நாளொன்றுக்கு 2 கிலோ சேரும். ஐந்து நாளில் 10 கிலோ!

பெறுபவர் பெயரை மட்டும் மேடையில் வாசிக்க வேண்டாம். அந்த வீட்டுச் சிறுமி நம் பக்கத்திலேயே அமர்ந்திருக்கலாம். அவளும் தன் பிடி அரிசியைக் கொண்டுவந்திருப்பாள்.