தூரம் வீசினால் பெரிய மீனா? கரைத் தூண்டில்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கடற்கரையில் தூண்டில் போடுவது நமக்குப் புதிதல்ல. கைத்தூண்டிலோடு கழிமுகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். நீண்ட ராடும் ரீலும் வாங்கிக்கொண்டு விடுமுறை நாளில் எண்ணூர், முட்டுக்காடு, பாம்பன் என்று கிளம்பும் நகரத்து ஆட்கள்தான் புது வரவு. ராடு கடையில் கிடைத்துவிடும். கடலறிவு அப்படிக் கிடைக்காது. அந்த இடத்தைக் கேள்விப்பட்ட சேதிகள் பிடித்துக்கொள்கின்றன. அவற்றில் சில முழுப் பொய். சில, வலைக்கோ படகுக்கோ வேறு கடலுக்கோ பொருந்தும். கரையில் ராடோடு நிற்பவருக்குப் பொருந்தாது. அடிக்கடி காதில் விழுபவற்றை இங்கே பார்ப்போம்.

நம்பிக்கை 1: எவ்வளவு தூரம் வீசுகிறோமோ, அவ்வளவு பெரிய மீன் கிடைக்கும்.

உண்மை: வீச்சுவலைக்காரர் எங்கே நிற்கிறார் என்று கவனியுங்கள். முழங்கால் நீரில், மிஞ்சினால் இடுப்பளவு நீரில். கிழங்கானும் மடவையும் அங்கேதான் அவர் வலையில் விழுகின்றன. அதே மீனைத் தேடி நாம் அவர் தலைக்கு மேலே எண்பது மீட்டர் வீசிக்கொண்டிருக்கிறோம்.

மணல் கரையில் அலை உடையும் இடம் மீனுக்குச் சாப்பாட்டுப் பந்தி. அலை அடிமணலைக் கிளறும்போது புழுவும் மட்டியும் நண்டுக்குஞ்சும் வெளியே வருகின்றன. அலை வடியும்போது பின்பக்கமாகச் சரசரவென்று மணலுக்குள் புதையும், கட்டைவிரல் நுனி அளவுள்ள ஓட்டுப்பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். நண்டுக்கு உறவுக்கார உயிர் அது. இவற்றையெல்லாம் தின்னத்தான் மீன் கரையை ஒட்டி வருகிறது.

வருகிற மீன் எங்கும் பரவி நிற்பதில்லை. பல கரைகளில் கரைக்கு இணையாக ஒரு மணல்திட்டு ஓடும். திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். திட்டின் மேல் அலை வெள்ளையாக உடையும். பள்ளத்தின் மேல் உடையாமல், நீர் சற்றுக் கருத்துத் தெரியும். மீன் நடமாடும் பாதை அந்தப் பள்ளம். இரை திட்டைத் தாண்டி விழுந்தால் பாதையைத் தாண்டிப் போய்விட்டது என்று பொருள். நீர் வற்றியிருக்கும் நேரத்தில் ஒரு நடை நடந்து பள்ளம் எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டு, நீர் ஏறும்போது அங்கே போடுவதே கெட்டிக்காரத்தனம். முதல் வீச்சைக் கிட்டத்திலேயே போடுங்கள். மீன் தொடவில்லை என்றால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போடலாம்.

நீண்ட வீச்சுக்கும் இடம் உண்டு. பாரை, சீலா போன்ற வேட்டை மீன்கள் குஞ்சு மீன்களைத் துரத்திக்கொண்டு திட்டுக்கு வெளியே ஓடும்போது, மின்னும் தகட்டு இரையைத் தூரம் வீசி வேகமாக இழுப்பது பலிக்கும். அது வேறு மீன், வேறு வேட்டை.

நம்பிக்கை 2: பௌர்ணமியில் மீன் கடிக்காது, அமாவாசைதான் வேட்டை நாள்.

உண்மை: இந்தப் பேச்சு வலைத்தொழிலிலிருந்து வந்தது. நிலா வெளிச்சத்தில் மீனுக்கு வலை தெரிந்துவிடும் என்பது கடலோரத்தில் எல்லாரும் சொல்வது. தூண்டிலில் கதை வேறு. கண்ணால் பார்த்துப் பாய்கிற மீனுக்கு நிலா வெளிச்சம் உதவியாகக்கூட இருக்கும்.

நிலவு தூண்டில்காரருக்கு முக்கியமாவது வெளிச்சத்தால் அல்ல, ஓதத்தால், அதாவது கடல் நீர் ஏறி வற்றுவதால். பௌர்ணமி, அமாவாசை இரண்டையும் ஒட்டிய நாட்களில் ஓதம் ஒரே மாதிரி வலுவாக இருக்கும். அஷ்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் குறைந்து நீரோட்டம் மந்தமாகும். ஆக, பஞ்சாங்கத்தைப் பார்த்து அஷ்டமியில் வீட்டிலிருப்பவர் காரணம் தெரியாமலே பாதி சரியாகச் செய்கிறார். பௌர்ணமியைத் தவிர்ப்பவர் நல்ல நாளை விட்டுவிடுகிறார்.

நம் கரையில் ஓதத்தின் உயரம் குறைவு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். குஜராத்தின் பாவ்நகரில் பெரிய ஓதத்தில் கடல் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும்; சென்னையில் பெரிய ஓதத்திலும் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். எனவே திறந்த மணல் கரையில் விடியலும் அந்தியும் அலையின் போக்கும் ஓதத்தைவிட அதிகம் பேசும். கழிமுகத்தில் மட்டும் ஓதமே ராஜா. நீர் வற்றத் தொடங்கும்போது உள்ளிருந்து இறாலும் குஞ்சு மீனும் முகத்துவாரம் வழியாக இழுத்து வரப்படும். கொடுவாயும் செப்பிலியும் வாசலிலேயே காத்திருக்கும். ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். நேற்று ஆறு மணிக்குக் கடித்தது என்று இன்றும் அதே ஆறு மணிக்குப் போய் நிற்பதில் அர்த்தமில்லை.

நம்பிக்கை 3: இரை நாறினால்தான் மீன் வரும்.

உண்மை: வரும்; கெளுத்தியும் நண்டும் வரும். கெளுத்திக்கு மீசையில் மட்டுமின்றி உடம்பு முழுக்கச் சுவை அறியும் உறுப்புகள் உண்டு. அழுகல் எங்கே கிடந்தாலும் தேடி வந்துவிடும். நீங்கள் நினைத்து வந்தது கிழங்கானோ காலாவோ கொடுவாயோ என்றால், நாறிய இறால் கொக்கியிலிருந்து கரைந்து விழுவதைத் தவிர வேறொன்றும் நடக்காது.

இரைக்கு விதி ஒன்றுதான்: அந்தக் கரையில், அந்த நேரத்தில், அந்த மீன் எதைத் தின்கிறதோ அதையே புதிதாகக் கொடுக்க வேண்டும். கிழங்கானுக்குச் சேற்றுப்புழு, அல்லது ஓடு உரித்த இறாலின் மெல்லிய துண்டு. மடவை பாசியையும் அடிச்சேற்றில் கிடக்கும் மக்கலையும் மேய்வது. அதற்குப் பிசைந்த மாவோ ரொட்டியோ போதும். கொடுவாய்க்கு உயிருள்ள மடவைக்குஞ்சுக்கும் உயிர் இறாலுக்கும் ஈடில்லை. காலா கலங்கிய நீரில் மார்புச் செட்டையின் நூல் போன்ற இழைகளால் தடவித் தடவி இரை தேடுவது, அதற்கு இறால். சீலாவுக்கு மத்தித் துண்டு அல்லது மின்னும் தகடு.

அலை பலமாக அடிக்கும் நாளில் இறால் தங்காது. கணவாய்த் துண்டு கெட்டியாக நிற்கும். சின்ன மீன்கள் கொறித்தாலும் சட்டென்று பிரியாது. இறாலைத்தான் போட வேண்டும் என்றால் முந்தின நாளே உப்பில் புரட்டி வையுங்கள், சதை இறுகிவிடும். உறையவைத்து எடுத்த இறால் அதற்கு நேர்மாறாகக் குழைந்துபோகும்.

நம்பிக்கை 4: பெரிய கொக்கி, தடித்த நரம்பு போட்டால் பெரிய மீன்.

உண்மை: கொக்கியின் அளவை மீனின் வாயும் இரையின் அளவும் தீர்மானிக்கட்டும். கிழங்கானின் வாய் சின்னது. பெரிய கொக்கியைப் போட்டால் அது இரையை மட்டும் சுரண்டித் தின்றுவிட்டுப் போகும். நீங்கள் 'இங்கே மீனே இல்லை' என்று இடம் மாறுவீர்கள். தடித்த தங்கூசி நரம்பை நீரோட்டம் வயிறு தள்ள வைத்து இழுக்கும். அதை நிறுத்த ஈயக்குண்டைக் கூட்ட வேண்டும். குண்டு கூடக்கூட மெல்லிய கடி கைக்குத் தெரியாது. மெல்லிய நரம்பு தாங்காத ஒரே இடம் கல்லும் கிளிஞ்சலும் உள்ள தரை. சீலாவுக்குப் பல் கத்தி போன்றது என்பதால் கொக்கிக்கு மேலே ஒரு சாண் கம்பி கட்டிக்கொள்வது நல்லது.

கடையில் பலரும் குழம்பும் ஒரு விஷயம்: கொக்கியின் எண் ஏற ஏற அளவு சிறிதாகும். 4ஆம் எண்ணைவிட 10ஆம் எண் சிறியது. ஆனால் 1/0, 2/0, 5/0 என்று சைபரோடு வரும் வரிசையில் எண் ஏறினால் கொக்கியும் பெரிதாகும்.

நுனி உள்பக்கம் திரும்பிய வட்டக் கொக்கியும் இப்போது கிடைக்கிறது. மீன் கடித்ததும் வெடுக்கென்று இழுக்கும் நம் பழக்கம் இதில் உதவாது. அப்படி இழுத்தால் கொக்கி வாயைவிட்டு வெளியே வந்துவிடும். நரம்பு இறுகும்வரை விட்டு நிதானமாகச் சுற்றினால் வாயோரத்தில் தானே மாட்டும். கொக்கியை விழுங்கிச் சாகும் மீன்கள் குறைவதால், சிறிய மீனைத் திரும்ப விட நினைப்பவர்களுக்கு ஏற்றது இதுதான்.

நம்பிக்கை 5: பேசினால் மீன் ஓடிவிடும்.

உண்மை: மீனுக்குக் காது கேட்கும். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் போகும். காற்றில் சுமார் 340 மீட்டர்தான். ஆனால் காற்றில் எழும் பேச்சொலியின் மிகப் பெரும்பகுதி நீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடுகிறது. அலை உடையும் கரையில் உங்கள் அரட்டை யாரையும் தொந்தரவு செய்யாது. பாலத்திலும் கல்லிலும் தொப்பென்று குதிப்பது, தண்ணீருக்குள் தடதடவென்று நடப்பது, இரவில் டார்ச்சை நீரில் ஆட்டுவது ஆகியவைதான் மீனைக் கலைக்கும்.

நம்பிக்கை 6: காற்று இல்லை, மழை இல்லை, கடலுக்குப் பயப்பட வேண்டாம்.

உண்மை: இந்தப் பட்டியலில் உயிரை எடுக்கும் நம்பிக்கை இது. இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எங்கோ புயலில் பிறக்கும் அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, உள்ளூரில் காற்றே வீசாத நாளில் கரையில் ஏறும். 'கள்ளக்கடல்' என்பது இதுதான். கோடையில் கேரளத்தையும் குமரிக் கரையையும் இது அடிக்கடி தாக்கும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துச் சென்றது, கள்ளக்கடல் எச்சரிக்கை விடப்பட்டிருந்த நாட்களில்தான். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் வெளியிடும் உயர் அலை எச்சரிக்கையைப் பார்க்காமல் கரைக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று. அலை உடையாமல் கருத்துத் தெரியும் இடத்தில் மீன் இருக்கும் என்றேன். அந்தக் கருமை கடலை நோக்கி ஒரு வாய்க்கால் போல் நீண்டிருந்தால், அது கரையில் சேர்ந்த நீர் திரும்ப ஓடும் இழுப்பு. மீனுக்கு நல்ல இடம்; இறங்குகிறவருக்கு எமன். இரையை அங்கே போடுங்கள், காலை வைக்காதீர்கள். தவறி மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாக நீந்தி இழுப்பைவிட்டு வெளியே வாருங்கள். கரை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் போடும் தூண்டில் வளைவுக் கற்களில் பாசி வழுக்கும். அங்கே தனியாகப் போவதைத் தவிருங்கள். இடி மின்னல் நேரத்தில் கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். கீழே வைத்துவிட்டு ஒதுங்குங்கள்.

நம்பிக்கை 7: கெளுத்தி குத்தினால் சுண்ணாம்பு தடவினால் போதும், பேத்தையைத் தோலுரித்துக் கழுவினால் தின்னலாம்.

உண்மை: கெளுத்திக்கு முதுகில் ஒன்று, மார்புச் செட்டைகளில் இரண்டு என மூன்று முட்கள். திருக்கைக்கு வாலில். ஓராவின் முதுகு முள்ளும் விஷமுள்ளதே. இந்த விஷங்கள் சூட்டில் சிதைபவை. குத்திய இடத்தைச் சுமார் 45 டிகிரி வெந்நீரில், தோல் வெந்துவிடாமல் தாங்கும் சூட்டில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம்வரை வைத்திருந்தால் வலி தணியும். நீரின் சூட்டைக் குத்துப்படாத கையால் முதலில் தொட்டுப் பாருங்கள். பிறகு மருத்துவரிடம் போய், உள்ளே முள் உடைந்திருக்கிறதா என்று பார்த்து, தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

பேத்தை நேர்மாறு. அதன் விஷம் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது, கழுவினாலும் போகாது. மாற்று மருந்தும் கிடையாது. தூண்டிலில் வந்தால் கடலிலேயே விடுங்கள். கரையில் போட்டால் நாயோ பூனையோ தின்று சாகும்.

நம்பிக்கை 8: தடைக்காலத்தில் தூண்டிலும் போடக் கூடாது, மற்ற நாளில் எதையும் எங்கும் பிடிக்கலாம்.

உண்மை: இரண்டு பாதியும் தவறு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை, விசைப்படகுகளுக்கானது. கரையில் நின்று தூண்டில் போடுபவரை அது கட்டுப்படுத்தாது. ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே தூண்டிலோடு போகக் கூடாது. கடல் குதிரையும் கடல் அட்டையும் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. கையில் எடுத்தாலே குற்றம்.

'சின்னதை விடு, பெரியதை எடு' என்ற விதியும் எல்லா மீனுக்கும் முழுதாகப் பொருந்தாது. கொடுவாய் ஆணாக முதிர்ந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறும். ஆகவே மிகப் பெரிய கொடுவாய்கள் எல்லாம் முட்டையிடும் தாய்கள். களவா இதற்கு எதிர். முதலில் பெண், பிறகு ஆண். வீட்டுக்குத் தேவையான நடுத்தர மீன் ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டு, குஞ்சையும் பெருந்தாயையும் விடுவதே சரி.

இத்தனையையும் சுருக்கினால் ஒன்று மிஞ்சும்: விலையுயர்ந்த ராடும் நல்ல நாளும் மீனைக் கொண்டுவராது. நீர் எங்கே ஓடுகிறது, அதில் என்ன இரை வருகிறது என்று பார்க்கத் தெரிந்தவருக்கு நூறு ரூபாய்க் கைத்தூண்டிலும் போதும். அடுத்த முறை கரைக்குப் போனால், இரையைக் கோர்ப்பதற்கு முன் பதினைந்து நிமிடம் சும்மா நின்று அலையைப் பாருங்கள். வலை உலர்த்தும் மீனவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். திரும்பும்போது அறுந்த நரம்பையும் கொக்கியையும் மறக்காமல் பொறுக்கி எடுத்து வாருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை அதே மணலில்தான் பங்குனி ஆமை முட்டையிட ஏறி வருகிறது; அதன் கழுத்தில் நம் நரம்பு சுற்றக் கூடாது.