கொள்ளு போதுமா?

அந்தியூர் குதிரைச் சந்தையில் ஒரு கத்தியவாரி பெண்குதிரை வாங்கினேன். சும்மாதான் நிற்கிறது. தினம் 4 கிலோ கொள்ளு வைக்கிறேன். போதுமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

போதுமாவா! சும்மா நிற்கும் குதிரைக்கு இதில் கால்வாசியே தாராளம். பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து, ஊறவைத்து, இரண்டு வேளையாகப் பிரித்து வையுங்கள். வயிறு நிறையவேண்டியது புல்லால்தான். 350 கிலோ எடைக்கு 6-7 கிலோ காய்ந்த புல், நாள் முழுக்கக் கொறிக்கிற மாதிரி. குதிரைக்கு இரைப்பை சின்னது. அதிகம் தின்றுவிட்டால் வாந்தி எடுக்கவும் வராது.

லத்தி போடாமல், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துப் புரண்டால் வயிற்றுவலி. தீனியை எடுத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் வருவதற்குள் விளக்கெண்ணெய்ப் புட்டியோடு யோசனை சொல்ல நாலு பேர் வருவார்கள். வாயில் ஊற்ற விடாதீர்கள்; நுரையீரலுக்குள் போய்விடும்.