உடல் நீட்சியும் உள்ள நலமும்

கோடை விடுமுறையில் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு சென்றுவரும் குடும்பங்கள் நம்மிடையே பல உள. சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களினூடே சென்று கரடியூர்க் காட்சிமுனையை அடைந்தவர், கீழே விரிந்து கிடக்கும் சமவெளியை நோக்கித் தம்மையறியாமலே கைகளை உயர்த்தி, உடலை நீட்டி, நெடுமூச்சு விடுவதைக் காணலாம். "மனப்பாரம் இறங்கிற்று" என்றும் கூறுவர். ஊர் திரும்பிய நான்காம் நாள் அப்பாரம் மீண்டும் தோளில் ஏறிவிடுகிறது. மலைக்காற்றும் தட்பமும் செய்த நன்மை போக, அங்கே அவ்வுடல் தனக்குத்தானே செய்துகொண்ட நன்மை எத்துணை? அதனை வீட்டுக் கூடத்திலேயே நாள்தோறும் பெற இயலுமா? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

கவலை மனத்தில் தோன்றினும் உடலிலேயே குடியேறுகிறது. தாடை இறுகுகிறது, தோள்கள் காதை நோக்கி உயர்கின்றன, மூச்சு மேல்மார்போடு நின்றுவிடுகிறது. தேர்வை எதிர்நோக்கும் மாணவரிடமும், மகளின் திருமணச் செலவை எண்ணி விழித்திருக்கும் தந்தையிடமும் இதனை நாம் கண்டிருக்கிறோம். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேகப்சன் 1929இல் வெளியிட்ட நூலில், தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பின் தளர்த்தும் முறையை விளக்கினார். தசை முற்றும் தளர்ந்திருக்கையில் பதற்றம் நிலைகொள்வது அரிது என்பது அவர் கொள்கை. நம் நாட்டில் மும்பை மருத்துவர் கே. கே. தாத்தேயும் அவர் குழுவினரும் இரத்த அழுத்த நோயாளர் 47 பேருக்குச் சவாசனம் பயிற்றுவித்து, அவருள் பலருக்கு அழுத்தம் தணிந்ததை 1969இல் வெளியிட்டனர்.

நீட்சிப் பயிற்சியை மட்டும் தனியே எடுத்து ஆய்ந்தவை குறைவே. அவற்றுள் ஒன்று நம் இல்லத்துப் பெண்மணிகள் அறிய வேண்டுவது. ஜப்பானில் 40 முதல் 61 வயது வரையுள்ள பெண்கள் 40 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஒரு பகுதியினர் உறங்கச் செல்லுமுன் நாள்தோறும் 10 நிமிடம் உடலை நீட்டும் பயிற்சி செய்தனர், மற்றவர் செய்யவில்லை. மூன்றே வாரத்தில், பயிற்சி செய்தவர்க்கு மாதவிலக்கு நிற்கும் பருவத்துத் தொல்லைகளும் மனச்சோர்வின் அறிகுறிகளும் குறைந்தன. சிறிய ஆய்வு, குறுகிய காலம். இதனைக் கொண்டு பெரிதாக முழக்கமிடலாகாது. ஆயினும் செலவில்லாத 10 நிமிடத்திற்கு இதுவே போதிய காரணம் என நாம் கருதுகிறோம்.

தசையை வெடுக்கென இழுத்தால் அது தன்னைக் காத்துக்கொள்ள எதிர்த்துச் சுருங்கும். மெல்ல நீட்டிச் சிறிது நேரம் நிறுத்தினால் அவ்வெதிர்ப்பு அடங்கும். மூச்சை வெளிவிடும்போது வேகஸ் நரம்பின் வழியே இதயத்துடிப்பும் சற்றுத் தணிகிறது. ஆதலின் நீட்சியோடு நெடிய வெளிமூச்சு சேரும்போதே பயன் மிகும். இவற்றினும் மேலாக, பத்து நிமிடமேனும் மனம் நேற்றையும் நாளையையும் விட்டு முழங்காலின் பின்புறத்தில் நிற்கிறதே, அதனைச் சிறிதென எண்ணற்க.

இங்கே நம் மரபை நினையாமல் இருக்க இயலாது. திருமலையில் 16 அடி உயரத்தில் நிற்கும் நேமிநாதர் திருவுருவை வணங்கியோர் பலர். அந்நிலையைக் கூர்ந்து நோக்கினோர் சிலரே. அடிகளிடையே சிறிது இடைவெளி, உடலைத் தொடாமல் தொங்கும் கைகள், எங்கும் விறைப்பின்மை. அதுவே காயோத்சர்க்கம். ஆறு ஆவசியகங்களுள் ஒன்றாகிய அதில், பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஒன்பது முறை 27 மூச்சுகளில் ஓதுதல் நம் வழக்கு. இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 23 பேரை ஆய்ந்து, ஜெபமாலை ஓதுதலும் யோக மந்திரம் ஓதுதலும் மூச்சை நிமிடத்திற்கு ஏறக்குறைய 6 ஆகக் குறைத்து, இரத்த ஓட்டத்தின் ஒழுங்கைச் சீராக்குவதை 2001இல் காட்டினர். அக்கணக்கில் 27 மூச்சுக்கு நாலரை நிமிடம் ஆகும். நம்முள் பலர் ஒரு நிமிடத்திற்குள் முடித்துவிடுவது வேறு செய்தி.

எனினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். காயோத்சர்க்கம் உடலின்மீதுள்ள பற்றை விடுதற்கு உரியது. உடல் நலத்திற்கென விதிக்கப்பட்டதன்று. நெல்லுக்காகப் பயிரிட்டவனுக்கு வைக்கோலும் கிடைப்பது போல இந்நலம் கிடைக்கிறது. ஆகவே நீட்சிப் பயிற்சியை அதற்கு மாற்றாகக் கொள்ளாது, முன்னேற்பாடாகக் கொள்க. முதுகும் முழங்காலும் வலிக்கச் சாமாயிகத்தில் அமர்ந்திருப்பவரின் மனம் எங்கிருக்கும் என்பதை முதியோர் அறிவர்.

செய்முறை எளிது. பாயை விரிக்குமுன் தரையில் சிற்றுயிர் உளதா என நோக்குக. நேராக நின்று விரல்களைக் கோத்து, உள்ளங்கை மேல்நோக்கக் கைகளை உயர்த்துக. பின் கைகளைத் தளர்த்தி, தலையை ஒரு தோளின் பக்கம் மெல்லச் சாய்த்து, அடுத்து மறுபக்கம் சாய்க்க. அமர்ந்து ஒரு காலை நீட்டி, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து முன்சாய்க, பின் மறுகால். இறுதியில் மல்லாந்து படுத்து, பாதம் முதல் தலை வரை ஒவ்வோர் உறுப்பாக நினைந்து தளர்த்துக. 1975இல் தொடங்கப்பெற்ற பிரேக்ஷா தியான முறையிலும் இத்தகைய தளர்த்தல் உண்டு. ஒவ்வொரு நிலையிலும் 20 முதல் 30 நொடி போதும். இழுப்பு உணரப்படலாம், வலி ஆகாது. கதிரவன் மறையுமுன் உண்ணும் நம்மவர்க்கு உறங்குமுன் வயிறு கனத்திராது. இப்பயிற்சிக்கு அவ்வேளை மிக வாய்ப்பானது. கருவுற்றோர், அறுவை மருத்துவம் செய்துகொண்டோர், எலும்பு நலிந்த முதியோர் ஆகியோர் மருத்துவரைக் கேட்டே தொடங்குக.

இனி, சொல்லத் தயங்கும் செய்தி. பயிற்சி அன்றாடக் கவலைக்கும் இறுக்கத்திற்கும் துணை, நோய்க்கு மருந்தன்று. இரண்டு வாரத்திற்கு மேலாக உறக்கமும் உணவும் கெட்டு, எதிலும் விருப்பமின்றி, வாழ்வை வெறுத்துப் பேசுவார் ஒருவர் வீட்டில் இருப்பின், அவரிடம் "உடற்பயிற்சி செய், நோன்பு இரு, சரியாகிவிடும்" என்பது அறமாகாது. சிறிய சமூகமாகிய நாம், வரன் பேச்சு தடைப்படும் என அஞ்சி இத்தகைய நோயை மறைக்கிறோம். மறைத்த நாளெல்லாம் நோய் வளர்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். ஏற்காட்டுப் பகுதியினர்க்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அண்மையில் உள்ளது. மருந்துண்பவர், சற்றுத் தெளிந்தேன் எனத் தாமாக மருந்தை நிறுத்தலாகாது. மருத்துவர் இசைந்தபின் மாலையில் நீட்சிப் பயிற்சியைத் தொடங்கலாம். அவரைத் தனியே செய்யச் சொல்லாமல், வீட்டில் ஒருவர் அருகே பாய் விரித்து உடன் செய்வது நன்று.