உடம்பு பின்னால் வரும்

அன்புள்ள தம்பிக்கு,

ஏற்காட்டிலிருந்து டொராண்டோவுக்குப் படிக்கப் போகிற உனக்குப் பெட்டி எடையைப் பற்றிச் சொல்ல ஆள் நிறைய உண்டு. விமானம் தரையைத் தொட்ட அன்றே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கணக்கு வைக்காதே என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உயரத்தை நினைத்துப் பயப்படாதே. 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி மலையில் இருப்பதுபோல்தான் இருக்கும். ஏற்காடே ஏறக்குறைய 5,000 அடி. ஊட்டி ஏழாயிரத்துச் சொச்சம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது காது அடைப்பதுபோல் விமானத்திலும் அடைக்கும், எச்சில் விழுங்கினால் விட்டுவிடும். காற்று மட்டும் நம் பனிமூட்டத்துக்கு நேர்மாறாக வறண்டிருக்கும்; தண்ணீர் குடித்துக்கொண்டே இரு.

சிக்கல் பொழுதில்தான். கோடையில் டொராண்டோ நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். அங்கே பிற்பகல் இரண்டரை என்றால் உன் உடம்புக்கு நள்ளிரவு. மூளைக்குள் இருக்கும் கடிகாரத்தைத் திருத்துவது பகல் வெளிச்சம். அதுவும் நாளைக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. ஆக, ஒரு வாரம் பத்து நாள் உடம்பு நடுவழியில் நிற்கும். 1820களில் ஏற்காட்டில் காப்பி பயிரிட வைத்த கலெக்டர் காக்பர்ன் காலத்தில், இங்கிலாந்திலிருந்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பல் வர மாதக்கணக்காகும். ஆளும் உடம்பும் சேர்ந்தே கரையிறங்கின. அதில் வேறு ஆயிரம் தொல்லை, அதற்காக யாரும் ஏங்க வேண்டாம். உடம்பும் நம் தோட்டத்துக் காப்பி நாற்றைப் போலத்தான், பார்த்திருப்பாய். பந்தல் நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வெயிலுக்குப் பழக்கி, மழை பிடித்த பிறகே எடுத்து நடுவார்கள். நட்ட இடத்திலும் தலைக்கு மேல் சில்வர் ஓக் நிழல் உண்டு. பழக்காமல் நட்டால் இலை கருகும். அதைப் பார்த்து மண்ணை யாரும் குறை சொல்வதில்லை.

மூன்றாம் நாளே வகுப்பு, பத்து நாள் படுத்துக் கிடக்க முடியுமா என்பாய். படுக்கவே சொல்லவில்லை, பகலில் படுத்தால்தான் கெடும். வெளிச்சத்தில் நடந்து ஊரைத் தெரிந்துகொள். போனில் வரைபடம் இருக்கிறதே என்றால், அது அடுத்த திருப்பத்தைச் சொல்லும், ஊரைக் காட்டாது. ஏற்காட்டில் ஏரியை வைத்து வழி சொல்கிறோம் அல்லவா? டொராண்டோவுக்கும் தெற்கே ஒன்டாரியோ ஏரி. நகரமே அதை நோக்கி மெல்லச் சரிகிறது. ஏரி எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டால் பாதி ஊர் பிடிபட்டுவிடும். தமிழ் கேட்க ஏக்கமாக இருந்தால் ஸ்கார்பரோவுக்குப் போ. 1983 கலவரத்துக்குப் பிறகு, திரும்பிப் போக வழியில்லாமல் வந்த இலங்கைத் தமிழர்கள் கடையும் கோயிலுமாக வேரூன்றிய இடம் அது. புது ஊருக்குப் பழகுவதைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது.

போய்ச் சேர்ந்தேன் என்று அன்றே அம்மாவிடம் சொல்லிவிடு. ஊர் பிடிக்கவில்லை என்பதை மட்டும் பத்து நாள் கழித்துச் சொல். அதையும் இங்கே நள்ளிரவா என்று பார்த்துக்கொண்டு சொல்.