தில்லையைப் பார்த்தால் கண் போகுமா?

ஜாம்பவானோடையில் படகேறி முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போகிறவர்கள் தில்லை மரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கையாவது கேட்டிருப்பார்கள்: "கிட்டப் போகாதீங்க, கண்ணு போயிடும்." எச்சரிக்கை நல்லதுதான். ஆனால் கண் கூசினாலும், எரிந்தாலும், மங்கினாலும், பார்வையே பறிபோனாலும் நமக்கு எல்லாம் 'கண்ணு போச்சு'தான். தில்லையைச் சுற்றிய கதைகள் இந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகின்றன.

நம்பிக்கை: தில்லையை உற்றுப் பார்த்தாலே, நிழலில் நின்றாலே பார்வை போகும்.

உண்மை: சும்மா நிற்கும் மரம் யார் கண்ணையும் கெடுக்காது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே இந்த மரத்தால். அங்கே இது தலமரமும்கூட. ஆபத்து பாலில் இருக்கிறது. இலையைக் கிள்ளினால், கிளையை வெட்டினால் வெள்ளையாக வடியும். கள்ளியும் ஆமணக்கும் சேர்ந்த அதே குடும்பம். 1759இல் தாவரவியலாளர் லின்னேயஸ் சூட்டிய 'எக்ஸ்கொகேரியா' என்ற பேரினப் பெயரும் குருடாக்குவது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். மிகைப்படுத்துவதில் அவரும் நமக்குச் சளைத்தவரில்லை.

நம்பிக்கை: பால் தெறித்தால் ஆயுசுக்கும் குருடு.

உண்மை: தெறித்ததும் தாங்க முடியாத எரிச்சல் எடுக்கும். இமை தானாக இறுக மூடிக்கொள்ளும். கருவிழியின் மேல்தோல் புண்ணாகிப் பார்வை மங்கும்; முதல் நாளைவிட மறுநாள் மோசமாகக்கூட இருக்கலாம். அந்த மேல்தோல் திரும்ப வளரக்கூடியது. உடனே கழுவி மருத்துவம் பார்த்தவர்களுக்குப் பெரும்பாலும் பார்வை திரும்பிவிடும். 'தானா சரியாகிடும்' என்று விட்டால்தான் வினை. புண்ணில் கிருமி சேர்ந்து ஆறும்போது வெள்ளைத் தழும்பு விழும். 'கண்ணில் பூ விழுந்திருக்கு' என்று ஊரில் சொல்வது இதையும் சேர்த்துத்தான். அப்போதுதான் பார்வை நிஜமாகவே போகும்.

நம்பிக்கை: தாய்ப்பால் விட்டால் முறிந்துவிடும்.

உண்மை: முறியாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதையும் புண்பட்ட கண்ணில் விடக் கூடாது. கசக்கவும் கூடாது. நல்ல தண்ணீரை 15 முதல் 20 நிமிடம் விடாமல் ஊற்றிக் கழுவ வேண்டும். கையில் பால் ஒட்டியிருந்தால் முதலில் கையைக் கழுவுங்கள். இதைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

காய்ந்த விறகில் விஷமில்லை என்பதையும் நம்பி அடுப்பில் வைக்காதீர்கள். தில்லைப் புகையும் கண்ணைக் கரிக்கும்.

இதற்காக முத்துப்பேட்டைக் காடு முழுவதும் விஷமரம் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே மிகப் பெரும்பகுதி அலையாத்தி மரம்தான். அதில் பாலே கிடையாது, இலையை மாடு தின்னும். தில்லை ஆங்காங்கே கொஞ்சம்தான்.

அடுத்த முறை படகேறும்போது ஆளுக்கொரு பாட்டில் குடிதண்ணீர் எடுத்துப் போங்கள். திரும்பும்வரை ஒன்றையாவது காலி செய்யாமல் வைத்திருங்கள்.