இணைப்பைப் பிரதிக்கு வெளியே வையுங்கள்

ஒரே பாட்டு ஓலைச்சுவடியில் ஒரு விதமாக, முதல் அச்சில் வேறு விதமாக, பிந்தைய பதிப்பில் இன்னொரு விதமாக இருக்கிறது. எல்லாவற்றையும் எக்ஸ்எம்எல் கோப்புகளாக்கியாயிற்று. இவற்றை ஒன்றோடொன்று இணைப்பது எப்படி? மின்பதிப்பு வேலையில் இறங்கும் எல்லோருக்கும் வருகிற கேள்வி இது. விடை தேடுகிறவர்கள் முதலில் ஜாதவ்பூரைப் பார்ப்பது நல்லது.

கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம், பேராசிரியர் சுகாந்த சௌதுரியின் தலைமையில், 2013இல் 'பிசித்ரா' என்ற தாகூர் மின்தொகுப்பை வெளியிட்டது. கையெழுத்துப் படிகள் 47,520 பக்கம். அச்சுப் பிரதிகள் 91,637 பக்கம். இதற்கென்றே எழுதப்பட்ட 'பிரபேத்' மென்பொருள் ஒரு படைப்பின் வெவ்வேறு வடிவங்களை அத்தியாயம், பத்தி, சொல் என்று மூன்று நிலைகளில் ஒப்பிட்டுக் காட்டுகிறது. பாடபேதங்களைக் கண்விழித்துக் குறித்த பழைய பதிப்பாசிரியர்களின் உழைப்பில் பெரும்பகுதியை இங்கே கணினி ஏற்றுக்கொள்கிறது.

ஆனால் எழுத்தை எழுத்தோடு ஒப்பிட்டு எல்லா உறவையும் பிடித்துவிட முடியாது. தாகூரின் 'நைவேத்ய' 1901இல் வந்தது. அதிலுள்ள 89ஆம் கவிதையும் 90ஆம் கவிதையும் 1912இல் லண்டனில் வெளியான ஆங்கிலக் கீதாஞ்சலியில் 95ஆவது பாட்டாக ஒன்றிணைந்துவிட்டன. வங்காளத்தில் இரண்டு, ஆங்கிலத்தில் ஒன்று. இந்த உறவை அறிந்தவர் சொன்னால்தான் உண்டு. அதைக் குறிமொழியில் எங்கே எழுதுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

பழக்கதோஷத்தில் பிரதிக்குள்ளேயே எழுதிவிடுகிறோம். வலைப்பக்கத்தின் சாதாரண லிங்க் ஒரு வழிப் பாதை. எழுதிய இடத்திலிருந்து மட்டும் போகும். நான்கு வடிவங்களை ஒன்றுக்கொன்று இப்படி இணைக்கப் பன்னிரண்டு லிங்க் வேண்டும். ஐந்தாவதாக ஒரு பதிப்பு கிடைத்தால் மேலும் எட்டு. அதற்காக, சரிபார்த்து முடித்த நான்கு கோப்புகளையும் மறுபடி திறக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், பிறர் வசமிருக்கும் பிரதி. ஓவியர் ரோதன்ஸ்டைனிடம் தாகூர் கொடுத்த ஆங்கிலக் கையெழுத்துப் படி இன்று ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கிறது. அவர்களுடைய கோப்புக்குள் போய் நாம் குறிச்சொல் எழுத முடியாது.

ஆகவே உறவுகளுக்கென்று தனிக் கோப்பு வையுங்கள். இதற்கான முறையை எக்ஸ்லிங்க் என்ற பெயரில், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2001இலேயே பரிந்துரையாக வெளியிட்டது. அதன் நீட்டித்த இணைப்பில், ஒவ்வொரு பிரதியின் இடத்தையும் ஒரு 'லொக்கேட்டர்' சுட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு லேபிள் உண்டு. எதிலிருந்து எதற்குப் போகலாம் என்பதை 'ஆர்க்' சொல்லும். நைவேத்ய 89, 90 இரண்டுக்கும் 'மூலம்' என்று ஒரே லேபிள் கொடுத்து, கீதாஞ்சலி 95க்கு 'ஆங்கிலம்' என்று கொடுத்தால், மூலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு ஓர் ஆர்க் எழுதினாலே இரண்டு பாதைகள் கிடைத்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆர்க்கில் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்காமல் விட்டால், 'எல்லாவற்றிலிருந்தும் எல்லாவற்றுக்கும்' என்று பொருளாகிவிடும். மூன்று இடங்களுக்கு ஒன்பது பாதைகள் வரும். ஒரு கவிதை தனக்குத்தானே இணைவதும் அதில் சேர்த்தி. தொடக்கம், முடிவு இரண்டையும் எப்போதும் எழுதிவிடுங்கள்.

அப்படியானால் எக்ஸ்லிங்க்கையே எடுத்துக்கொள்ளலாமா? இலக்கியப் பதிப்புக்கு வேண்டாம் என்பேன். பெரிய உலாவிகள் எதுவும் நீட்டித்த இணைப்பை ஏற்று நடத்தவில்லை. ஆனால் நிதித்துறையில் அது வலுவாக வாழ்கிறது. 2010-11 நிதியாண்டு முதல் இந்தியாவில் குறிப்பிட்ட வகை நிறுவனங்கள் எக்ஸ்பிஆர்எல் வடிவில் தாக்கல் செய்யும் நிதி அறிக்கைகளுக்குப் பின்னால் இருப்பது எக்ஸ்லிங்க்தான். பதிப்பு வேலைக்கு, இலக்கியப் பிரதிகளை எக்ஸ்எம்எல்லில் குறிப்பதற்கான டிஇஐ நெறிமுறை போதும். அதன் 'லிங்க்' குறிச்சொல்லின் 'டார்கெட்' பண்புக்கூறில் இரண்டு, மூன்று, எத்தனை முகவரி வேண்டுமானாலும் வரிசையாக எழுதலாம். அவற்றை 'லிங்க்குரூப்' என்ற உறைக்குள் வகைவாரியாகத் தொகுக்கலாம். மொழிபெயர்ப்பா, திருத்தமா, இரண்டு பாட்டுகளின் சேர்க்கையா என்று உறவின் வகையைத் தவறாமல் குறியுங்கள். வகை குறிக்காத இணைப்பு பின்னால் வருபவருக்குப் பயன்படாது.

இனி ஐடி, அதாவது இணைப்பு சுட்டுவதற்காகப் பிரதியின் ஒவ்வொரு பகுதிக்கும் வைக்கும் அடையாளப் பெயர். இணைப்பு நிலைப்பதும் அறுவதும் இதைப் பொறுத்தது. பக்க எண்ணை ஐடியாக்காதீர்கள். மறுபதிப்பில் பக்கம் மாறிவிடும். எண்ணில் தொடங்கும் ஐடியை எக்ஸ்எம்எல் ஏற்காது. நீக்கிய ஐடியை வேறொன்றுக்குத் திரும்பக் கொடுக்காதீர்கள். தமிழ் எழுத்தில் ஐடி வைக்க விதி இடம் தருகிறது. நானும் ஆசைப்படுவேன், ஆனால் தவிர்த்துவிடுங்கள். யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு. ஒரு கோப்பில் அப்படியும் இன்னொன்றில் இப்படியும் இருந்தால் இணைப்பு அறுந்துபோகும். எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் காரணம் கண்ணில் படாது. ஐடிக்கு ரோமன் எழுத்தும் எண்ணும் போதும். பாட்டின் உடலிலும் யூனிகோடு வடிவத்தைத் தொடக்கத்திலேயே ஒருமுகப்படுத்திவிடுங்கள். தேடலுக்கும் ஒப்பீட்டுக்கும் அது அவசியம்.

முழு நூலில் இறங்குவதற்கு முன் ஒரே ஒரு பாட்டில் சோதித்துப் பாருங்கள். குறுந்தொகையில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சௌரிப்பெருமாள் அரங்கனாரின் 1915ஆம் ஆண்டுப் பதிப்பையும் உ.வே.சா.வின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பையும் உள்ளிட்டு, இணைப்புக் கோப்பைத் தனியாக எழுதுங்கள். பிறகு மூன்றாவதாக ஒரு பிரதியைச் சேருங்கள். முதல் இரண்டு கோப்புகளையும் தொடாமல் சேர்க்க முடிந்தால் அமைப்பு சரி. ஒரு வரியையாவது திருத்த வேண்டியிருந்தால், முழு நூலுக்குப் போகும் முன் அமைப்பை மாற்றிவிடுங்கள்.