பிள்ளை பிறந்த பிறகு நடந்தது



இந்த மாதப் பாடம் ஒரு பிரசவத்தைப் பற்றியது. குழு இதழில் பிரசவம் எதற்கு என்று கேட்காதீர்கள். நம் தீர்மான நோட்டும் இதில் வருகிறது.

எங்கள் குழுவின் இளைய உறுப்பினரான ஒரு தங்கைக்கு நடந்ததை எழுதுகிறோம். "மத்தவங்களுக்குப் பயன்படும்னா எழுதுங்கக்கா, பேர் மட்டும் வேண்டாம்" என்று அவரே சொல்லிவிட்டார். அன்றிரவு நாங்கள் செய்த தவறையும் மறைக்காமல் எழுதியிருக்கிறோம்.

அவருக்கு இது இரண்டாவது பிரசவம். முதல் பிள்ளை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகமாகப் பிறந்தது. அதனால் இதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று குடும்பத்தில் முடிவு. ஏழாம் மாதம் ரத்தம் பார்த்தபோது 8.6 கிராம்தான் இருந்தது. கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் குறைந்தாலே ரத்தசோகை. நர்சம்மா அப்போதே, "ரத்தம் கம்மியா இருக்கு, பிரசவத்தைப் பெரிய ஆஸ்பத்திரியில வச்சுக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார். மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகிறது, குமட்டுகிறது என்று தங்கை பாதியில் நிறுத்திவிட்டார். எங்களிடமும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மாதம் நான்கு கூட்டம் போட்டோம். சந்தா கட்டினாயா என்று கேட்டோமே தவிர, மாத்திரை போட்டாயா என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

தேதிக்கு ஒன்பது நாள் முன்பே இரவில் பனிக்குடம் உடைந்து, வலி வேகமாக வந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக நேரமில்லை. சுகாதார நிலையத்தில் மூன்று மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நன்றாக அழுதது. நஞ்சும் விழுந்தது. மாமியார் எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தார். துணைக்குப் போயிருந்த எங்கள் ஊக்குநரும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் சிக்கல். உதிரப்போக்கு நிற்கவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று விஷயத்தைப் புரிந்துகொள்வோம். நஞ்சு ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் திறந்தபடி இருக்கும். கர்ப்பப்பை, விரித்த கையை இறுக்கி மூடுவது போலச் சுருங்கித்தான் அவற்றை அடைக்க வேண்டும். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போகிறது. அது சுருங்காமல் தளர்ந்து கிடந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். நம் உடம்பில் மொத்தமே ஏறத்தாழ ஐந்து லிட்டர்தான். ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவர் கொஞ்சம் இழந்தாலும் தாங்கமாட்டார். ஓரிரு மணி நேரத்தில் உயிரே போய்விடக்கூடும். கர்ப்பப்பை சுருங்கத்தான் பிரசவம் ஆனவுடன் ஊசி போடுகிறார்கள், அடிவயிற்றைத் தேய்த்துவிடுகிறார்கள், சிறுநீர் கழிக்க வைக்கிறார்கள், குழந்தையை உடனே மார்பில் போடச் சொல்கிறார்கள். சீம்பால் குடிக்கும்போதும் கர்ப்பப்பை சுருங்கும்.

நர்ஸ் இவ்வளவும் செய்தார். மறுபடி ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றி, 108க்கும் சொல்லிவிட்டார். நான்கு மணிக்கு வண்டி வாசலில் நின்றது. கிளம்பியது நான்கே முக்காலுக்கு.

அந்த முக்கால் மணி நேரம் எங்கே போனது?

"பிரசவம்னா ரத்தம் போகத்தான் செய்யும், கெட்ட ரத்தம் போயிட்டா நல்லதுதானே" என்றார் மாமியார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஐந்து பிள்ளையை வீட்டிலேயே பெற்ற அம்மா அவர். தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். (பிரசவத்தில் போவது கெட்ட ரத்தம் இல்லை சகோதரிகளே. உடம்பில் ஓடும் அதே ரத்தம்தான்.) கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட், போன் எடுக்கவில்லை. "அவன் சொல்லாம எப்படி அனுப்புறது, கையில காசும் இல்ல" என்று மாமியார் தயங்கினார். ஊக்குநர் எங்களுக்குப் போன் செய்தார். குழுப் பெட்டியில் 4,200 ரூபாய் இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும்தானே? நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? கூட்டத் தீர்மானம் இல்லாமல் கடன் கொடுக்கக்கூடாது என்ற விதியை நினைத்துக்கொண்டு, தீர்மான நோட்டும் டார்ச் லைட்டுமாக வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கையெழுத்து வாங்கினோம். எட்டுக் கையெழுத்து. அங்கே ஒருத்தி ரத்தத்தில் கிடக்கிறாள், இங்கே நாங்கள் மை பேனா எழுதவில்லை என்று உதறிக்கொண்டிருந்தோம்.

பேறுகால மரணங்களை ஆராய்ந்த தாடியஸ், மெய்ன் என்ற இரு பெண்கள் 1994ல் மூன்று தாமதங்களைப் பற்றி எழுதினார்கள். போகலாம் என்று முடிவெடுப்பதில் ஒன்று, போய்ச் சேருவதில் ஒன்று, போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் ஒன்று. பயிற்சியில் இதைக் கேட்டு நோட்டில் எழுதியும் வைத்திருந்தோம். தமிழ்நாட்டில் 108 வண்டி 2008லேயே வந்துவிட்டது. அன்று வண்டியும் வாசலில் நின்றது. முதல் தாமதத்தைச் செய்தது நாம்தான்.

தங்கை பிழைத்துவிட்டார். மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்திருக்கும்" என்று டாக்டரம்மா சொன்னார். கொண்டுபோன பணத்தில் டீ, சாப்பாடு, ஆட்டோ என்று 640 ரூபாய்தான் செலவு. 2011 முதல் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் அரசு மருத்துவமனையில் பிரசவம், ஆபரேஷன், மருந்து, ரத்தம் எல்லாமே இலவசம். எந்தப் பணத்துக்காக நின்றோமோ அது பெட்டிக்கே திரும்பி வந்தது.

ரத்த வங்கியில் இருந்ததை எடுத்துக் கொடுத்தார்கள். நாமும் திருப்பிக் கொடுப்போம் என்று மறுநாள் காலை எட்டுப் பேர் ஷேர் ஆட்டோ பிடித்துப் போனோம். ரத்தம் கொடுக்க 12.5 கிராம் வேண்டும், எடை 45 கிலோ வேண்டும் என்றார்கள். விரலில் குத்திப் பார்த்தார்கள். தேறியது இரண்டு பேர். ஒருவர் எடையில் போனார். மற்ற ஐந்து பேருக்கும் ரத்தம் பத்தவில்லை. அதில் ஒருவருக்கு 9 கிராம்தான். நாள் முழுக்க வெயிலில் களை எடுக்கிறவர், "அசதியா இருக்கும், வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்" என்றார். அவருக்கு வயது 36. திரும்பி வரும்போது ஆட்டோவில் யாரும் பேசவில்லை.

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். பிரசவம், பாம்புக்கடி, விபத்து என்றால் ஊக்குநர், பிரதிநிதி இருவரில் ஒருவரும் உறுப்பினர் ஒருவரும் கையெழுத்திட்டு 5,000 ரூபாய் வரை உடனே கொடுக்கலாம். தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். "பணத்துல இப்படிக் கதவைத் திறந்து வைக்கலாமா?" என்று ஒரு அக்கா கேட்டார். கேட்டது நியாயம். அதனால் ஒரு வாரத்துக்குள் கூட்டத்தில் கணக்குச் சொல்ல வேண்டும் என்று சேர்த்தோம். முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி இருக்கிறதே என்பார்கள். அது வங்கிக் கணக்கில் தவணையாக வருவது. நடுராத்திரி கைக்கு வராது.

இன்னொன்றும் செய்கிறோம். உறுப்பினர் வீட்டில் யாருக்காவது ஏழாம் மாதம் என்றால் இரண்டு பேர் போய் உட்கார்ந்து பேசுகிறோம். கணவர், மாமியார் இருவரும் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போவோம். போகிற இடத்தில் முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றால் யார் சரி சொல்வது? கணவர் ஊரில் இல்லாவிட்டால்? மூத்த பிள்ளையை யார் பார்ப்பது? ரத்தம் கொடுக்க யார்? பதிலை அங்கேயே எழுதிக் காலண்டருக்குப் பின்னால் ஒட்டிவிடுகிறோம். பிரசவத்துக்கு முன் ரத்தம் பட்டாலும், தலைவலியோடு கண் மங்கினாலும், முகமும் கையும் வீங்கினாலும், வலிப்பு வந்தாலும், பிள்ளை அசைவு குறைந்தாலும் காத்திருக்கக் கூடாது என்று சொல்கிறோம். பிள்ளை பிறந்த பிறகு ஒரு மணி நேரத்துக்குள் ஒரு துணி முழுக்க நனைந்தால் உடனே நர்சைக் கூப்பிட வேண்டும். முதலில் மாமியார்கள் "நல்ல காரியத்துல என்ன இந்தப் பேச்சு" என்று முகம் சுளிப்பார்கள். இரண்டாவது டம்ளர் காப்பி வருவதற்குள் அவர்களே பழைய கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

காப்பி என்றதும் ஞாபகம் வருகிறது. இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பி, டீயோடு சாப்பிட்டால் சத்து சரியாகச் சேராது. சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரில் போடுங்கள். எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போவதில் ஆபத்து இல்லை. குமட்டினால் நிறுத்தாமல் நர்சம்மாவிடம் கேளுங்கள்.

கூட்டத்தில் பேச: உங்கள் குழுவில் நடுராத்திரியில் பணம் எடுக்க எத்தனை கையெழுத்து வேண்டும்? பெட்டிச் சாவி யாரிடம்? உங்கள் ரத்த அளவு எத்தனை கிராம் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு நர்சம்மாவை வரச்சொல்லுங்கள். எங்கள் வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் 14 பேரின் அளவையும் எழுதி வைத்திருக்கிறோம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றி எழுதுகிறோம். களை எடுக்கும் அக்காவுக்கு இப்போது 10.8. அந்தத் தங்கைக்கு 11.2.